தின்னர் எங்கே போகிறது?

ஏர்பிரஷ்ஷில் ஊற்றுவதற்காகக் கரைத்து வைத்த லேக்கர் பெயின்டில் பெரும்பகுதி தின்னர்தான். வேலை முடிந்து அலமாரியில் ஏறிவிட்ட கார் மாடலில் அந்தத் தின்னர் இருக்காது. பாகங்களை இணைக்கும் மெல்லிய சிமென்டும் அப்படித்தான். குப்பியில் இருந்தது பறந்துபோய்விடும். இணைப்பு மட்டும் மிஞ்சும். பிளாஸ்டிக் கார் கிட் கட்டும் பொழுதுபோக்கு முழுவதும், வந்து காரியத்தை முடித்துவிட்டு விலகிப்போகிற திரவங்களை நம்பித்தான் நடக்கிறது. அவை விலகிப்போகும் இடம் நாம் உட்கார்ந்திருக்கும் அறை. அந்த அறையின் காற்றைத்தான் நாம் மூச்சாக இழுக்கிறோம்.

மாடல் எப்போது பளபளப்பாக வருகிறது, எப்போது கெட்டுப்போகிறது, உடம்புக்கு எங்கே ஆபத்து என்று மூன்று கேள்விகள் கேட்கலாம். கரைப்பானின் பயணத்தைப் பின்தொடர்ந்தால் மூன்றுக்கும் பதில் கிடைத்துவிடும்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1948-ல் தொடங்கிய ஏ.எம்.டி. நிறுவனம், முதலில் கார் விற்பனையாளர்களுக்கான விளம்பரப் பொம்மைக் கார்களைத்தான் செய்தது. அந்தக் காலத்து விளம்பரக் கார்கள் பல செல்லுலோஸ் அசிடேட் பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டவை. ஆண்டுகள் போகப்போக அவை கோணிக்கொண்டன. இன்று சேகரிப்பாளர்களிடம் உள்ளவற்றில் முதுகு வளைந்த கார்கள் ஏராளம். அந்த இடத்தைப் பிறகு பாலிஸ்டைரீன் பிடித்துக்கொண்டது. 1958-ல் அதே நிறுவனம் வீட்டிலேயே கட்டிக்கொள்ளும் 1/25 அளவு கிட்களை விற்க ஆரம்பித்தது. பசிபிக்கின் மறுகரையில், ஜப்பானின் ஷிசுவோக்கா நகரில் 1946-ல் மர அறுவை ஆலையாகத் தொடங்கிய டமியா பின்னாளில் பிளாஸ்டிக் மாடலுக்கு மாறியது. ஹசெகாவா, அவோஷிமா, ஃபுஜிமி ஆகியவையும் அதே ஷிசுவோக்கா மாகாணத்து நிறுவனங்கள்தாம். ஜப்பானிய கார் கிட்களில் 1/24 அளவே வழக்கம். ஓர் அடியை அரை அங்குலமாகச் சுருக்கினால் வருவது அந்த அளவு. நாலரை மீட்டர் நீளமுள்ள கார் இதில் 19 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும்.

எந்த நிறுவனத்தின் பெட்டியைத் திறந்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் பாலிஸ்டைரீன்தான். தெர்மாகோலும் இதே பொருள். அதை நுரைபோலப் பொங்க வைத்திருக்கிறார்கள், அவ்வளவே. பாலிஸ்டைரீனின் ஒவ்வொரு மூலக்கூறும் நீண்ட கார்பன் சங்கிலி. சங்கிலி நெடுக, ஒரு கார்பன் விட்டு ஒரு கார்பனில் ஒரு பென்சீன் வளையம் தொங்குகிறது. 100 டிகிரி செல்சியஸுக்கு அருகில் இளகி, அதற்கு மேல் குழம்பாகி, எஃகு அச்சின் நுணுக்கமான கோடுகளுக்குள்ளெல்லாம் பாய்ந்து உறையும். கதவிடுக்குக் கோடும் சக்கரத்துப் போல்ட்டும் அவ்வளவு கூர்மையாக வருவது இதனால்தான். சங்கிலிகளுக்கு இடையே பலமான வேதிப் பிணைப்பு கிடையாது. தன் இனத்துத் திரவம் எதுவும் எளிதாக உள்ளே நுழைந்து அவற்றை விலக்கிவிடும். கிட் கட்டுவதன் வசதியும் ஆபத்தும் இங்கேதான் பிறக்கின்றன.

ஒட்டு என்று ஒன்று இல்லாத ஒட்டு

மாடல் கட்டுவோர் மேசையில் பச்சை மூடி போட்ட டமியா மெல்லிய சிமென்ட் குப்பியைப் பார்க்கலாம். அசிட்டோனும் பியூட்டைல் அசிடேட்டும் ஏறத்தாழச் சரிபாதி கலந்த திரவம் அது. கோந்து போல ஒட்டும் பொருள் அதில் கிடையாது. இரு பாகங்களைப் பொருத்திப் பிடித்து, குப்பித் தூரிகையால் இடுக்கின் ஓரத்தைத் தொட்டாலே போதும். நுண்புழை விசை திரவத்தை இடுக்கு நெடுக இழுத்துச் சென்றுவிடும். இரு பக்கத்துப் பிளாஸ்டிக்கும் மேலோட்டமாக இளகும். சூடான இடியாப்பங்கள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்தி வைத்தால் இழைகள் பின்னிக்கொள்வதைப் போல, இரு பக்கத்துச் சங்கிலிகளும் கலந்துவிடும். கரைப்பான் பறந்ததும் அங்கே ஒரே பிளாஸ்டிக்தான் இருக்கும்.

செய்முறை விதிகள் எல்லாம் இதிலிருந்தே வருகின்றன. இணையும் முகத்தில் பெயின்ட் அல்லது குரோம் பூச்சு இருந்தால் கரைப்பான் பிளாஸ்டிக்கை அடையாது; ஆகவே முதலில் அதைச் சுரண்ட வேண்டும். இடுக்கின்மேல் விரல் வைத்துப் பிடித்தால் அதே நுண்புழை விசை திரவத்தை விரலடிக்கு இழுத்துவந்து, கைரேகையைக் காரின் கூரையில் நிரந்தரமாகப் பதித்துவிடும். தொட்டுப் பார்த்தால் இறுகிவிட்டது போலத் தோன்றும் இணைப்பின் ஆழத்தில் கரைப்பான் இன்னும் இருக்கும். அது வெளியேறும்வரை இடம் சுருங்கிக்கொண்டே இருக்கும். அவசரப்பட்டு உப்புத்தாள் போட்டுச் சமன் செய்து பெயின்ட் அடித்தால், சில வாரம் கழித்து அந்தக் கோடு பள்ளமாகிப் பல்லைக் காட்டும். ஒரு நாளாவது விட்டுவைப்பது நல்லது.

ஆரஞ்சுத் தோலைத் தெர்மாகோல் மேல் பிழிந்தால் குழி விழுவதைப் பார்த்திருப்போம். அதைச் செய்வது லிமோனீன். இதையே அடிப்படையாக வைத்த சிமென்டுகளும் கடையில் கிடைக்கின்றன. அசிட்டோன் 56 டிகிரியில் கொதிக்கும். லிமோனீனுக்கு 176 டிகிரி வேண்டும். எனவே அறையில் மெதுவாகத்தான் ஆவியாகும், வாசமும் உறுத்தாது. பழத்திலிருந்து வந்ததால் தீங்கே கிடையாது என்று நினைத்துவிடக் கூடாது. காற்றுப் பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்த லிமோனீன் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியது. பழைய குப்பியைக் கையில் வழியவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உலோகத் தகட்டையும் ரெசின் பாகத்தையும் ஒட்டுவதற்குச் சூப்பர் குளூ தேவைப்படும். இது வேறு இனம். சயனோஅக்ரிலேட் காற்றின் ஈரத்தைத் தொட்டதும் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு இறுகுகிறது. அதன் ஆவி கண்ணாடிப் பாகங்களில் படிந்தால் வெண்புகை பிடித்தது போல ஆகிவிடும். குற்றம் நடந்த இடத்தில் மறைந்திருக்கும் கைரேகையை எடுக்கக் காவல்துறை பயன்படுத்துவதும் இதே ஆவியைத்தான். அதனால் காரின் முன்கண்ணாடியை ஒட்டுவதற்கு வெள்ளைப் பசையே மேல். பருத்தித் துணியில் சூப்பர் குளூ அதிகமாகச் சிந்தினால் வினை வேகமெடுத்து, தோல் பொசுங்கும் அளவுக்குச் சூடு வரும். பஞ்சால் துடைப்பதும் அதே ஆபத்துதான். விரல்கள் ஒட்டிக்கொண்டால் இழுக்காமல், வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெதுவாக உருட்டிப் பிரிக்க வேண்டும்.

பிளாஸ்டிக்கைக் கரைப்பது மூளைக்கும் போகும்

பாலிஸ்டைரீனை நன்றாகக் கரைக்கும் திரவங்களில் ஒன்று டொலுயீன். கொழுப்போடு கலப்பதும் தண்ணீரை ஒதுக்குவதும் அதன் குணம். நம் உடம்பில் கொழுப்புச் சத்து மிகுந்த உறுப்புகளில் முதன்மையானது மூளை. நரம்பிழைகளைச் சுற்றிய மயலின் உறை பெரும்பாலும் கொழுப்பாலானது. மூச்சில் உள்ளே போன டொலுயீன் நுரையீரலைக் கடந்து இரத்தத்தில் ஏறி, விரைவிலேயே மூளையை அடைகிறது. தலைச்சுற்றல், கிறக்கம், தலைவலி, சிந்தனை மந்தமாவது என்று தொடங்கும். ஆண்டுக்கணக்கில் வேண்டுமென்றே முகர்ந்தவர்களுக்கு மூளையின் வெண்பொருளே சிதைந்திருப்பது மருத்துவ ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது.

வேண்டுமென்றே முகரும் பழக்கம் 1950-களின் இறுதியில் அமெரிக்கச் சிறுவர்களிடையே செய்தியானது. அவர்கள் பயன்படுத்தியது மாடல் கட்டும் பசை. இல்லினாய் மாநிலத்து ராக்ஃபோர்டில் இருந்த டெஸ்டார் நிறுவனம் 1969-ல் தன் பசையில் கடுகின் காரத்துக்குக் காரணமான எண்ணெயைக் கலந்தது. ஆழமாக முகர்ந்தால் மூக்கு எரியும். பொருளின் குணத்தை மாற்ற முடியாதபோது, அதை நெருங்க விடாமல் தடுப்பதும் ஒரு வழிதானே!

ஒழுங்காக மாடல் கட்டுகிறவர் யாரும் முகர்வதில்லை. ஆனால் மூக்கு நம்பத்தக்க காவல்காரன் அல்ல. ஒரே வாசத்தில் சில நிமிடம் இருந்தால் மூக்கு அதைப் பதிவு செய்வதையே நிறுத்திவிடும். காற்றில் அளவு குறையவில்லை, உணர்வுதான் குறைந்தது. வெளியிலிருந்து உள்ளே வரும் வீட்டார் முகத்தைச் சுளிப்பதுதான் சரியான அளவீடு. சில வகைப் பிளாஸ்டிக் சிமென்டுகளில் இருந்த டைகுளோரோமீத்தேன் இன்னும் மோசம். அதன் வாசம் மூக்குக்குத் தெரியும்போதே காற்றில் அதன் அளவு பாதுகாப்பு எல்லையைப் பல மடங்கு தாண்டியிருக்கும். உள்ளே போனதும் உடம்பு அதைக் கார்பன் மோனாக்சைடாக மாற்றுகிறது.

வாங்கும் பொருளில் என்ன கலந்திருக்கிறது என்பதை அறிய, உற்பத்தியாளர் வெளியிடும் பாதுகாப்புத் தரவுத் தாளைப் பார்க்கலாம். அதில் 16 பகுதிகள் உண்டு. இரண்டாவதில் ஆபத்து வகை, மூன்றாவதில் உள்ளடக்கம், எட்டாவதில் காற்றில் எவ்வளவு இருக்கலாம் என்ற எல்லையும் எந்த மாஸ்க் தேவை என்பதும் இருக்கும். ஹார்டுவேர் கடையில் மலிவாகக் கிடைக்கும் என்.சி. தின்னரில் பெரும்பாலும் டொலுயீன் உண்டு. அதை மாடலில் அடித்தால் பிளாஸ்டிக்கே வெந்துபோகும். கருவிகளைக் கழுவத்தான் அது ஆகும். அதையும் திறந்த இடத்தில் செய்ய வேண்டும்.

அளவுக்குச் சுருங்காத பெயின்ட்

உண்மையான காரின் மேல் பெயின்ட் அடுக்குகள் எல்லாம் சேர்ந்து சுமார் 100 முதல் 150 மைக்ரான் தடிமன் இருக்கும். அதை 24-ஆல் வகுத்தால் 5 மைக்ரான் அளவில் வரும். கையால் அப்படி அடிக்க முடியாது. கவனமாக அடித்தாலும் பிரைமர், நிறம், கிளியர் எல்லாம் சேர்ந்து 40 மைக்ரான் ஆகிவிடும். உண்மைக் காரில் அது ஒரு மில்லிமீட்டர் தடித்த பூச்சுக்குச் சமம். கதவிடுக்கின் 4 மில்லிமீட்டர் இங்கே 170 மைக்ரானாகச் சுருங்கியிருக்கிறது. இரு ஓரத்திலும் 40 மைக்ரான் ஏறினால் இடுக்கில் பாதிதான் மிஞ்சும். இன்னொரு முறை கனமாக அடித்தால் கதவே மூடிப்போகும். உலோக மினுக்கமும் இப்படித்தான். 15 மைக்ரான் அலுமினியத் துகள் மாடலில் நின்றால், உண்மைக் காரில் 0.36 மில்லிமீட்டர் ஜிகினா ஒட்டியதற்குச் சமம். ஆகவே மாடலுக்கென்று அரைத்த நுண்துகள் பெயின்ட்தான் கண்ணை ஏமாற்றும்.

மெல்லிய பூச்சுக்குத்தான் ஏர்பிரஷ். 0.2 முதல் 0.5 மில்லிமீட்டர் துளை வழியாக வரும் பெயின்டை வேகக் காற்று கிழித்துத் துளியாக்குகிறது. 1 மில்லி லிட்டரை 20 மைக்ரான் துளிகளாக உடைத்தால் சுமார் 24 கோடி துளிகள் வரும். அவற்றின் மொத்த மேற்பரப்பு 3,000 சதுர சென்டிமீட்டர். இவ்வளவு பரப்பிலிருந்து ஆவியாவதால்தான் பெயின்ட் பிளாஸ்டிக்கைச் சேரும்முன்பே பாதி காய்ந்துவிடுகிறது. தூரத்திலிருந்து அடித்தால் துளி வழியிலேயே வறண்டு, சொரசொரப்பாகப் படியும். மிக நெருங்கி அடித்தால் தின்னர் தேங்கி, பாலிஸ்டைரீனை அரித்துக் கோடுகளை மழுங்கடிக்கும். முதல் கோட்டுகளைத் தூசி தூவுவது போல மெல்லியதாக அடித்து, கடைசிக் கோட்டை மட்டும் ஈரமாகப் படரவிடும் முறை இந்த இரண்டுக்கும் நடுவில் போகும் பாதை.

காற்றில் சுருங்கும் துளிதான் நுரையீரலுக்கும் ஆபத்து. 10 மைக்ரான் துளியில் பத்தில் ஒன்பது பங்கு பறந்துவிட்டால் மிச்சம் 5 மைக்ரானுக்கும் குறைவான திண்மத் துகள். பெரிய துகளை மூக்கும் தொண்டையும் பிடித்து வைத்துக்கொள்ளும். இந்த அளவுத் துகள்கள் நுரையீரலின் காற்றறைகள்வரை போகக்கூடியவை. காற்றில் இவை விழும் வேகம் நொடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வர அரைமணி நேரமாவது ஆகும். அடித்து முடித்ததும் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு அங்கேயே நின்று அழகு பார்க்கக் கூடாது என்பது இதனால்தான். ‘தண்ணீர்ப் பெயின்ட்’ என்பதால் இந்தக் கணக்கு மாறாது. அக்ரிலிக்கில் கரைப்பான் குறைவு. ஆனால் நிறமியும் ரெசினும் துகளாகப் பறக்கத்தான் செய்யும். காட்மியம் நிறமி உள்ள ஓவியப் பெயின்டுகளில் ஸ்ப்ரே செய்யாதீர்கள் என்றே எழுதியிருப்பார்கள். அவற்றைத் தூரிகையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கடலோர ஊர்களில் இன்னொரு வம்பும் உண்டு. கரைப்பான் ஆவியாகும்போது பரப்பைக் குளிர்விக்கிறது. 28 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில் காற்றின் பனிநிலை 24 டிகிரிக்குச் சற்று மேலே இருக்கும். பெயின்ட் பரப்பு நாலு டிகிரி குளிர்ந்தாலே காற்றின் ஈரம் அதன்மேல் பனித்துவிடும். நுண்ணிய நீர்த்துளிகள் படலத்துக்குள் சிக்கி, கறுப்புக் கார் சாம்பல் பூத்துப்போகும். சென்னையின் ஐப்பசி மழைக்கும் ஜப்பானின் ஜூன் மழைக்கும் இது பொது. மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் கலந்த தின்னர் குளிர்வதைத் தணிக்கும். கம்ப்ரசர் குழாயில் நீர்ப் பிடிப்பான் இருப்பதும் அவசியம். எல்லாவற்றையும்விட, வெயில் வரும்வரை பொறுத்திருப்பது மலிவு.

எதன்மேல் எதை அடிக்கலாம் என்பதும் கரைப்பானின் வலிமையைப் பொறுத்ததே. லேக்கர் ஆவியாகி மட்டும் காய்கிறது. அதன் தின்னர் பட்டால் மறுபடி இளகும். எனாமல் காற்றின் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு மெதுவாகக் குறுக்குப் பிணைப்பு போடுகிறது. நன்கு காய்ந்த லேக்கர் மேல் எனாமல் அடித்தால் அதன் மென்மையான மினரல் டர்பன்டைன் கீழே எதையும் தொடாது. எனாமல் மேல் லேக்கர் அடித்தால் கீழடுக்கு வீங்கிச் சுருங்கி, கிழவியின் முகமாகிவிடும். கதவுக் கோட்டில் இருள் ஏற்றும் எனாமல் வாஷ், பெயின்ட் ஏறாத பிளாஸ்டிக்கில் தேங்கினால் இன்னொரு விபரீதம் நடக்கும். அச்சாணி இறுக்கிச் செருகிய இடம் போல இழுவிசை உள்ள பகுதியில் கரைப்பான் நுழைந்து, பிளாஸ்டிக் தானாகவே விரிசல் விடும்.

ஒரு மில்லிக்கு எவ்வளவு?

நீளம், அகலம், உயரம் மூன்றும் 3 மீட்டர் உள்ள அறையில் 27,000 லிட்டர் காற்று இருக்கிறது. அதில் 1 மில்லி டொலுயீன் ஆவியானால் 0.23 லிட்டர் ஆவி வரும். காற்றில் பத்து லட்சத்தில் எட்டரைப் பங்கு, அதாவது 8.5 பி.பி.எம். தொழிற்கூடச் சுகாதார எல்லைகளை வகுக்கும் அமெரிக்க அமைப்பான ஏ.சி.ஜி.ஐ.எச்., டொலுயீனுக்கு 8 மணி நேரச் சராசரியாக 20 பி.பி.எம். என்று சொல்கிறது. மூன்று மில்லியிலேயே அந்த எண்ணைத் தாண்டிவிடுகிறோம். ஒரு காரின் உடலுக்கு நிறம் அடித்து ஏர்பிரஷ்ஷையும் கழுவினால் 30 மில்லி செலவாவது சாதாரணம். மூடிய அறையில் அது 250 பி.பி.எம்.

தீப்பிடிக்கும் எல்லை எங்கே இருக்கிறது? டொலுயீன் ஆவி காற்றில் 1.1 சதவீதம், அதாவது 11,000 பி.பி.எம். ஆனால்தான் எரியும். அறை முழுக்க அந்த அளவு வர 1.3 லிட்டர் ஆவியாக வேண்டும். தீ வரவில்லையே என்பதை வைத்து ஆபத்தில்லை என்று முடிவுகட்ட முடியாது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. நெருப்புக்கு வெகு தூரம் முன்பே உடம்பின் எல்லை வந்துவிடுகிறது. அதே சமயம், இது சராசரிக் கணக்கு. அசிட்டோன் ஆவி காற்றைப்போல் இருமடங்கு கனம். டொலுயீன் மூன்று மடங்குக்கும் மேல். குப்பி கவிழ்ந்தால் ஆவி தரையோடு படர்ந்து, அந்த இடத்தில் மட்டும் எரியும் அளவை எட்டிவிடும். அசிட்டோனின் தீப்பற்று நிலை சுழியத்துக்குக் கீழே கிட்டத்தட்ட 20 டிகிரி. நம் ஊரில் அது எப்போதும் தயார்தான். பூஜை விளக்கும் எரியும் அடுப்பும் இருக்கும் பக்கம் தின்னர் குப்பியைத் திறக்கக் கூடாது. ஸ்ப்ரே டின்னில் தள்ளுவாயுவே எரிவாயு. அழுத்தம் கூடுவதற்காக அதை வெதுவெதுப்பான தண்ணீரில் வைப்பார்கள். கொதிநீரில் வைத்தால் டின் வெடிக்கும். 50 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று டின்னிலேயே எழுதியிருக்கும்.

காற்றைத் தள்ளும் விதம்

ஏசி அறையில் உட்கார்ந்து அடிப்பது பலருக்கும் தோன்றும் யோசனை. வீட்டு ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. கதவையும் சன்னலையும் வேறு அடைத்திருப்போம். சீலிங் ஃபேன் ஆவியைக் கலக்குமே தவிர வெளியேற்றாது. முதுகுக்குப் பின்னால் டேபிள் ஃபேன் வைத்துச் சன்னலை நோக்கி அடிப்பதும் ஏமாற்று வேலை. உடம்பு காற்றை மறிப்பதால் நெஞ்சுக்கு முன்னால் சுழல் உண்டாகி, ஆவி மூக்குக்கே திரும்பி வரும். காற்று இடமிருந்து வலமாகவோ வலமிருந்து இடமாகவோ குறுக்கே கடந்து போகும்படி உட்கார வேண்டும்.

சரியான தீர்வு, ஆவி பிறக்கும் இடத்திலேயே அதைப் பிடித்து வெளியே தள்ளுவது. முன்பக்கம் திறந்த பெட்டி ஒன்று, அதன் முதுகில் எக்ஸாஸ்ட் ஃபேன், அங்கிருந்து சன்னலுக்கு வெளியே போகும் குழாய். 40 சென்டிமீட்டர் சதுர வாயில் நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் காற்று உள்ளே போக வேண்டுமானால், மணிக்கு 290 கன மீட்டர் இழுக்கும் ஃபேன் வேண்டும். அது நம் 27 கன மீட்டர் அறையின் காற்றை மணிக்குப் பத்து முறைக்கு மேல் மாற்றிவிடும். முன்பு சொன்ன 30 மில்லியை ஒரு மணி நேரம் பரப்பி அடித்து, அது அறை முழுக்கக் கலந்துவிட்டதாகவே வைத்தாலும் 250 என்பது 24 பி.பி.எம்.க்கு இறங்கிவிடும்; பெட்டிக்குள்ளேயே பிடிபடுவதால் உண்மையில் அதைவிடவும் குறையும். கார்பன் பிரஷ் மோட்டார் தீப்பொறி விடும் என்பதால் பிரஷ் இல்லாத இண்டக்‌ஷன் மோட்டார் ஃபேனே வேண்டும். வெளியேற்றும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர எதிர்ப்பக்கம் ஒரு கதவு திறந்திருக்க வேண்டும்.

ஃபேனுக்குப் பிறகே மாஸ்க். என்95 துகளைத் தடுக்கும். ஆவி அதன் வழியே தாராளமாகப் போய்வரும். ஆவிக்கு வேண்டியது கிளர்வுற்ற கரி அடைத்த கேட்ரிட்ஜ். ஒரு கிராம் கரியின் துளைகளைப் பிரித்து விரித்தால் ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்குப் பரப்பு வரும். அதில்தான் ஆவி ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிக்கொள்ள இடம் தீர்ந்தால் கேட்ரிட்ஜும் தீர்ந்தது. பயன்படுத்தாமல் மேசைமேல் கிடந்தாலும் அறையின் ஆவியையும் ஈரத்தையும் அது குடித்துக்கொண்டே இருக்கும். எனவே காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வைக்க வேண்டும். துகள் ஃபில்டரும் சேர்ந்த வகைதான் ஸ்ப்ரே வேலைக்கு ஏற்றது. தாடிக்கும் ரப்பர் விளிம்புக்கும் ஒத்துப்போகாது. நைட்ரைல் கையுறையையும் அளவோடுதான் நம்ப வேண்டும். அசிட்டோன் அதைச் சிறிது நேரத்திலேயே ஊடுருவிவிடும். நனைந்தால் உடனே கழற்றி வேறு போட வேண்டும்.

மாஸ்க்கால் சமாளிக்க முடியாத ஒன்று உண்டு. கண்ணாடி போன்ற பளபளப்புக்காக சிலர் அடிக்கும் 2கே கிளியர் பெயின்டின் கடினமாக்கியில் ஐசோசயனேட் இருக்கிறது. அது மூச்சுக்குழாயின் நோய் எதிர்ப்பு அமைப்பைப் பழக்கிவிடும். ஒருமுறை அப்படிப் பழகிய உடம்பு, அதன் பிறகு துளியளவு பட்டாலும் ஆஸ்துமாத் தாக்குதலாகப் பதில் சொல்லும். எச்சரிக்கும் வாசமும் போதாது. கேட்ரிட்ஜ் தீர்ந்ததே தெரியாது. உண்மைக் கார்களுக்கு இதை அடிக்கும் தேர்ந்த பெயின்டர்கள் வெளிக்காற்றுக் குழாய் இணைத்த முகக்கவசம் அணிய வேண்டியது இதற்காகத்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஆகஸ்ட் 24 முதல், டைஐசோசயனேட் 0.1 சதவீதத்துக்கு மேல் உள்ள பொருளைத் தொழில்முறையாகப் பயன்படுத்துவோர் பயிற்சி பெற்றிருப்பது கட்டாயம். வீட்டு மாடலுக்கு லேக்கர் கிளியரை மெல்லிய கோட்டுகளாக அடித்து, நன்கு காயவிட்டு, 2000-க்கு மேற்பட்ட எண் உப்புத்தாளில் தண்ணீர் தொட்டுத் தேய்த்துப் பாலிஷ் போட்டாலே முகம் தெரியும்.

கத்தி, தூசி, ப்ளீச்

தண்ணீர் தொட்டுத் தேய்ப்பதில் இரட்டை லாபம். உராய்வுச் சூட்டில் பாலிஸ்டைரீன் இளகி உப்புத்தாளை அடைப்பதில்லை. தூசியும் காற்றில் ஏறாமல் சேறாக நின்றுவிடும். ரெசின் பாகங்களுக்கு இது இன்னும் முக்கியம். பாகங்களைச் சட்டத்திலிருந்து நிப்பரால் சற்று விட்டு வெட்டி, மிச்சத்தைக் கத்தியால் மெல்லச் சீவ வேண்டும். மழுங்கிய பிளேடுக்குத்தான் அதிக அழுத்தம் வேண்டும். அழுத்தம் கூடும்போதுதான் அது வழுக்கும். உருண்டு விழும் கத்தியைப் பிடிக்கப் போகாமல் காலை இழுத்துக்கொள்வதே புத்தி.

பம்பரிலும் சக்கரத்திலும் உள்ள குரோம் உண்மையில் வெற்றிடத்தில் படிய வைத்த அலுமினியப் படலம். ஒரு மைக்ரான்கூட இருக்காது. அதை எடுக்க வீட்டு ப்ளீச்சில் ஊறவைப்பார்கள். ப்ளீச்சின் காரத்தன்மை அலுமினியத்தைக் கரைத்துவிடும். அக்ரிலிக் பெயின்டை உரிக்கச் சிலர் அமோனியா உள்ள கண்ணாடித் துடைப்பானைப் பயன்படுத்துவார்கள். இரண்டும் ஒரே கிண்ணத்தில் கலந்தால் நுரையீரலை அரிக்கும் குளோரமீன் வாயு வரும். கழிவறைக்கான அமிலத்தோடு ப்ளீச் கலந்தால் குளோரின். ஒன்றைப் பயன்படுத்தி முடித்ததும் கிண்ணத்தையும் பாகங்களையும் நன்றாகக் கழுவிவிட்டே அடுத்ததைத் தொட வேண்டும்.

கடைசியாக, கழுவிய தின்னர். அதைச் சாக்கடையில் ஊற்றினால் ஆவி குழாயில் தங்கும். வண்ணத்தின் நிறமி நீர்நிலைக்குப் போகும். மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் சேர்த்து வைத்தால் சில நாளில் நிறமி அடியில் படிந்து, மேலே தெளிந்த தின்னர் நிற்கும். அடுத்த முறை தூரிகை கழுவ அது போதும். வாங்கும் அளவும் குறையும். எனாமலையும் ஆளி எண்ணெய் கலந்த ஓவியப் பெயின்டையும் துடைத்த துணிகளைக் குவித்து வைக்கக் கூடாது. ஆக்சிஜனேற்றத்தின் சூடு குவியலில் தேங்கி, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். விரித்துக் காயவிட்டுப் போடலாம்.

புதிதாகத் தொடங்குகிறவருக்குக் கடைக்காரர் முதலில் காட்டுவது ஏர்பிரஷ்ஷும் கம்ப்ரசரும்தான். பணம் ஒதுக்கும் வரிசையை மாற்றிக்கொள்வது நல்லது. முதல் இரண்டு கார்களைத் தூரிகையும் தண்ணீர் அக்ரிலிக்கும் கொண்டு, திறந்த சன்னலருகே முடிக்கலாம். அடுத்து வெளியேற்றும் ஃபேனும் குழாயும். பிறகு கேட்ரிட்ஜ் மாஸ்க். ஏர்பிரஷ் நான்காவதாக வரட்டும். நல்ல காற்றோட்டம் உள்ள இடத்தில் பெயின்டும் ஒழுங்காகக் காய்கிறது, தூசியும் படிவதில்லை, அவசரப்பட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே கோட்டில் முடிக்கவும் தோன்றாது. நுரையீரலுக்காகச் செய்த செலவு காரின் கதவிலும் தெரியும்.